'இங்கே' லிங்க் அனுப்பும் அலுவலக நண்பர்களுக்கு

பாலக்காட்டு எல்லையோரத்து அலுவலகங்களில் சுற்றறிக்கை மெயில் தயாரிக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து எழுதுகிறேன். மெயிலை நான் உலாவியில் படிப்பதில்லை. ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பிக்குள்ளேயே படிக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். படம், பட்டன், லிங்க் எல்லாம் வைத்த எச்டிஎம்எல் மெயிலையும் அது ஒழுங்காகவே காட்டும். டேப் விசையைத் தட்டினால் அடுத்த லிங்கில் போய் நிற்கும், அது போகும் முகவரி திரையின் அடிவரியில் தெரியும். சரி என்று பட்டால் என்டர், உலாவி திறந்துவிடும்.

சிக்கல் உங்கள் மெயிலில்தான். போன வாரம் வந்த உதவித்தொகை அறிவிப்பையே பாருங்கள். மேலே மலையாளம், கீழே தமிழ். படிவம், தகுதி விவரம், தேதி நீட்டிப்பு எல்லாவற்றுக்கும் லிங்கின் பெயர் மேலே 'இவிடெ', கீழே 'இங்கே'. டேப்பைத் தட்டத் தட்ட, முதலில் இவிடெ இவிடெ, அப்புறம் இங்கே இங்கே. விண்ணப்பிக்கும் பட்டனோ வெறும் படம். படம் தெரியாதபோது அதன் இடத்தில் வரும் மாற்றுரையை எழுதாததால் என் திரையில் ஒற்றை நட்சத்திரக் குறியாக நிற்கிறது. (படங்களைத் தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். மெயிலை எப்போது திறந்தேன் என்று அனுப்பியவரிடம் போய்ச் சொல்லும் வேவுப் படங்கள் எனக்கு எதற்கு?) பிள்ளைகளின் விண்ணப்பம் அந்த நட்சத்திரத்துக்குள் இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

அடிவரி முகவரியைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால், எல்லா லிங்கும் ஏதோ ஒரு கண்காணிப்புத் தளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. போலி மெயிலும் இப்படித்தான் இருக்கும்.

ஈமேக்ஸ்காரர் ஒருவருக்காகவா இவ்வளவும் என்று கேட்கலாம். என்விடிஏ திரைவாசிப்பானை வைத்துப் படிக்கும் பார்வையற்றவர்கள் 'கே' விசையைத் தட்டி லிங்க் லிங்காகத் தாவுவார்கள். அவர்கள் காதிலும் விழுவது இதே 'இங்கே' தான்.

லிங்கின் பெயராகவே 'தமிழ் விண்ணப்பப் படிவம், பிடிஎஃப்' என்று எழுதிவிடுங்கள். பட்டனை எழுத்தாகவே வையுங்கள். எச்டிஎம்எல்லோடு எளிய உரை வடிவத்தையும் ஒரே மெயிலில் அனுப்பும் வசதி 1990களிலிருந்தே இருக்கிறது. அந்த எளிய உரையில் 'உலாவியில் பார்க்கவும்' என்று ஒற்றை வரி போட்டுக் கைகழுவாமல், விண்ணப்ப முகவரியை முழுசாகக் கொடுங்கள். அடுத்த அறிவிப்பை அனுப்புமுன், மவுசைத் தொடாமல் டேப்பை மட்டும் தட்டித் தமிழ்ப் படிவம் கிடைக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சுற்றறிக்கைகளைத் தவறாமல் படிக்கும் ஒருவர்