கோ-ஆப் போர்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில், ஜாக்ஸன் ஹைட்ஸிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கோ-ஆப் (கூட்டுறவு) கட்டடங்களின் போர்டில், அதாவது கட்டடத்தை நிர்வகித்து, வீடு வாங்க வருகிறவரை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் குழுவில் இருக்கும் தமிழர்களுக்கு,

வணக்கம். சம்பளம் வாங்காமல் நீங்கள் பார்க்கிற வேலை இது. ஜனவரியில் பாய்லர் நின்றுபோனால் நடு ராத்திரியில் உங்களுக்குத்தான் போன் வரும். அதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். வீடு வாங்க வருகிறவருக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு, ஏன் என்று சொல்லாமல் விடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கோ-ஆப் என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவதே பெரும்பாடு. சென்னையில் ஃப்ளாட் வாங்கினால் நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் நம் பெயரில் பதிவாகும், பத்திரம் கைக்கு வரும். இங்கே கட்டடம் மொத்தமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நாம் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகள். பங்கோடு சேர்ந்து, வீட்டில் குடியிருக்க ஒரு குத்தகைப் பத்திரம். சொத்து வரி, கட்டடத்தின் பேரில் இருக்கும் கடன், குளிர்காலச் சூட்டுக்கான செலவு எல்லாம் மாதாந்தர மெயின்டனன்ஸில் அடக்கம். ஒருவர் கட்டாமல் விட்டால் மற்றவர்கள் தலையில் விடியும். ஆகவே வருகிறவரின் வரவு செலவைத் துருவிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, வேலை பார்க்கும் இடத்திலிருந்து கடிதம், நண்பர்களின் நற்சான்று, எல்லாம் கேளுங்கள். (இந்த நற்சான்று மட்டும் எனக்கு விளங்கியதே இல்லை. தன்னைத் திட்டி எழுதக்கூடியவரிடம் போய் யார் கடிதம் கேட்பார்கள்?)

எங்களை ஒரு கட்டடம் மறுத்தது. பெயர் வேண்டாம், பிறகு வேறொரு கட்டடத்தில் வாங்கிவிட்டோம். மறுப்பு வந்தது தரகர் வழியாக, ஒரே வரியில். ஒப்பந்தத்தின்போது கட்டிய 10 சதவீத முன்பணம் திரும்பி வந்தது. வக்கீல் ஃபீஸ், வங்கியின் மதிப்பீட்டுச் செலவு, விண்ணப்பக் கட்டணம் எதுவும் வரவில்லை. பணம் போனதைக்கூட விடலாம். எது காரணம் என்று மனசு அலைந்ததுதான் தாங்கவில்லை. விசாவா? மாதாமாதம் ஊருக்கு அனுப்புகிற பணமா? நேர்காணலில் நான் பேசிய இங்கிலீஷா? அல்லது அப்பாவின் பணமா?

அப்பாவின் பணத்தைப் பற்றி உங்களிடம் சொன்னால்தான் புரியும். ஓய்வு பெற்றபோது வந்ததில் ஒரு பகுதியை அவர் கொடுத்தார். அது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டியதில்லை என்று கிஃப்ட் லெட்டரில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "பெத்த பிள்ளைக்குக் கொடுக்கிறதுக்கு எதுக்குப்பா கையெழுத்து?" என்று கேட்டுக்கொண்டேதான் போட்டார். ஊர் வங்கியில் கிடக்கிற ஃபிக்ஸட் டெபாசிட், பெற்றோருக்கு அனுப்பும் தொகை, தங்கையின் கல்யாணத்துக்கென்று ஒரே நாளில் வெளியே போன பெரிய தொகை: இதெல்லாம் என்னவென்று அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். நீங்கள் வாய் திறக்காவிட்டால் அது சந்தேகத்துக்குரிய கணக்காகவே முடிந்துபோகும்.

கட்டடத்தின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு போர்டு எடுக்கும் முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்று 1990-இல் லெவண்டஸ்கி என்ற நியூயார்க் கோ-ஆப் வழக்கில் தீர்ப்பானது. அதே சமயம் இனம், மதம், பிறந்த நாடு, குடியேற்ற நிலை இவற்றை வைத்து மறுக்கக் கூடாது என்று நகரத்தின் மனித உரிமைச் சட்டம் சொல்கிறது. சரி, காரணமே சொல்லாதபோது எதை வைத்து மறுத்தார்கள் என்று யார் நிரூபிப்பது?

இப்படி ஆளைப் பார்த்து மறுப்பதில் ஜாக்ஸன் ஹைட்ஸுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. எட்வர்ட் மெக்டூகலின் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் 1909-இல் இங்கிருந்த விவசாய நிலங்களை வாங்கத் தொடங்கியது. 1917-இல் ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு ரயில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், உள்ளே தோட்டம் வைத்த அடுக்குமாடிகளை கோ-ஆப் முறையில் விற்றார்கள். டவர்ஸ், ஷாட்டோ எல்லாம் அந்தக் காலத்துக் கட்டடங்கள். யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அவற்றில் இடமில்லை. 74-ஆம் தெருவில் புடவைக்கடையும் நகைக்கடையும் வந்தது வெகு காலம் கழித்து. 1993-இல் நகரம் இதைப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது. இப்போது வாசல்பக்க ஜன்னலை மாற்ற வேண்டுமென்றால் விண்ணப்பம், படம், அளவு என்று நகரத்தின் பாரம்பரியப் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்ப மட்டும் ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படுவதில்லை.

காரணம் எழுதிக் கொடுத்தால் வழக்குப் போடுவார்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று உங்கள் வக்கீல் சொல்லுவார். அவர் தொழில் அது. வருமானம் போதவில்லை, கையிருப்பு குறைவு என்று எண்ணோடு எழுதிக் கொடுக்கிற போர்டுக்கு என்ன பயம்? பக்கத்திலிருக்கும் வெஸ்ட்செஸ்டர் கவுன்டியில் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கேயும் கோ-ஆப்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

நம் நகரத்தின் சட்டம் எதைக் கட்டாயமாக்கினாலும், ஆக்காவிட்டாலும், உங்கள் கட்டடத்தில் நீங்களே தொடங்கலாம். முன்பணம் குறைந்தது எத்தனை சதவீதம், வருமானத்தில் கடனுக்குப் போகும் பங்கு எவ்வளவு வரை சரி, வாங்கி முடித்தபின் எத்தனை மாத மெயின்டனன்ஸுக்குக் கையிருப்பு வேண்டும், வெளிநாட்டு டெபாசிட்டைக் கணக்கில் சேர்ப்பீர்களா இல்லையா என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கொடுங்கள். தகுதி இல்லாதவர் வக்கீலுக்குக் காசு கொடுக்காமல் அப்போதே விலகிக்கொள்வார். மறுத்தால் அந்தத் தாளில் எந்த வரி பொருந்தவில்லை என்று சொல்லுங்கள்.

பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் வையுங்கள். வாக்கெடுப்பில் தோற்றாலும் பரவாயில்லை. யார் யார், என்ன சொல்லி எதிர்த்தார்கள் என்பது கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும். அடுத்து வாங்க வருகிறவரின் வக்கீல் அந்தக் குறிப்பைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் படிப்பார்.

அன்புடன்,
குவீன்ஸில் ஒரு பங்குதாரர்