படல மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன்: ரங்கூன் பருப்பு, எண்ணெய் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பயின்னவுங் மொத்தச் சந்தையில் பருப்பும் பயறும் வியாபாரம் செய்யும் முதலாளிமார்களுக்கும், மக்வே, மாண்டலே பக்கம் எண்ணெய் மில் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கும் வணக்கம்.

கடலைப் புண்ணாக்கிலிருந்து மக்கும் பை தயாரிக்க உங்களில் சிலர் கூட்டாகப் பணம் போடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மெஷின் விற்கும் கம்பெனியின் விளம்பரத் தாளை எனக்கும் ஒருவர் காட்டினார். பளபளவென்று ஒரு பை, அதன் மேல் ஒரு பச்சை இலை, கீழே பெரிய எழுத்தில் விலை. நான் ரங்கூனின் ஆலைகள் நிறைந்த லாயிங் தாயாவில் பாலித்தீன் ரோல் ஊதும் மெஷினோடு காலம் தள்ளியவன். உங்கள் யோசனையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் அந்த மெஷின் அல்ல. அதைத் தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் சொல்லி மாளாது என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

இந்தப் பையை ஆக்குவது புண்ணாக்கிலும் பயறிலும் இருக்கும் புரதம். அந்த மூலப்பொருளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. நிலக்கடலையும் எள்ளும் நம் வறண்ட மத்தியப் பகுதியின் பயிர்கள். தோல் நீக்கிய கடலையில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கில் ஏறக்குறையப் பாதி புரதம். பயறு பற்றி உங்களுக்கே நான் சொல்வதா? 2021இல் இந்தியா போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் தனியார் வியாபாரிகள் வழியாகவே இங்கிருந்து வாங்குவதாக எழுதினார்கள். மூட்டை கட்டிக் கப்பலேற்றுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. மூட்டைக்குள் இருப்பதைப் பிரித்து விற்பதில்தான் நமக்குப் பழக்கம் போதாது.

புரதத்தைப் பிரிக்கும் வேலை கேட்பதற்கு எளிது. புண்ணாக்கை அரைத்துத் தண்ணீரில் கலந்து, காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்து, புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். அளவை 8, 9க்கு உயர்த்தினால் புரதம் கரைந்து வெளியே வரும். நாரும் சக்கையும் அடியில் தங்கும். தெளிந்த நீரைத் தனியே எடுத்து, அமிலம் விட்டு 4.5க்கு இறக்கினால், பால் திரிவது போலப் புரதம் திரிந்து படியும். வடித்து, கழுவி, உலர்த்தினால் கையில் மாவு. சரி, ஆனால் முதலில் அது கரைய வேண்டுமே! எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லரில் அதிகம் சூடேறி நிறம் மாறிய புண்ணாக்கில் புரதம் ஏற்கெனவே வெந்து இறுகிப் போயிருக்கும். காரத்தை எவ்வளவு ஊற்றினாலும் வெளியே வர மறுக்கும். குறைந்த சூட்டில் பிழிந்தால் புரதம் பிழைக்கும், ஆனால் எண்ணெய் கூடுதலாகத் தங்கிவிடும். வீசைக் கணக்கில் எண்ணெய் விற்கிறவருக்கு அது நேரடி நஷ்டம். அதோடு தங்கிய எண்ணெய் பிரித்தெடுக்கும் வேலையையும் கெடுக்கும், பின்னால் சிக்கு வாடையும் கிளப்பும். இந்த இரண்டுக்கும் நடுவே எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் பிழிவது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். விளம்பரத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது மெஷின். ஆய்வுக்கூடங்களில் செய்யும் முறை இது: 100 பங்கு கரைசலில் 5 முதல் 10 பங்கு புரதம், வளைந்து கொடுப்பதற்காகப் புரதத்தின் எடையில் கால் பங்குக்கு மேல் கிளிசரின். சூடாக்கி, தட்டையான தட்டில் ஊற்றி உலர விட்டால் மறுநாள் மெல்லிய தாள் போன்ற படலம் அழகாக உரிந்து வரும். கட்டுரைகளில் வரும் படங்கள் பெரும்பாலும் அப்படி உரித்தவைதான். இதையே ஆலையில் செய்தால் கணக்கு என்ன ஆகும்? 8 சதவீதக் கரைசலில் 1 கிலோ புரதத்துக்கு ஏறக்குறைய 11.5 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல். மொத்தம் 7 யூனிட் மின்சாரத்துக்கு மேல், அதுவும் வெப்பம் எதுவும் வீணாகாமல் இருந்தால். முறை வைத்து மின்சாரம் வந்து போகும் ரங்கூனில், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டு, ஒரு கிலோ படலத்துக்கு இவ்வளவா?

அதனால்தான் பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள் திருகு மெஷினுக்கு, அதாவது எக்ஸ்ட்ரூடருக்குப் போகிறார்கள். தண்ணீர் கொஞ்சம்தான் வேண்டும், வேலையும் நிற்காமல் ஓடும். ஆனால் பாலித்தீன் ஓட்டிய கைக்கு இது புதுப் பாடம். பாலித்தீன் குருணை 110 டிகிரி வாக்கில் உருகும். இன்னும் சூடேற்றினால் இளகி ஓடும், ஆறவிட்டு மறுபடி உருக்கினாலும் அதே பொருள்தான். புரதம் அப்படி உருகுவதில்லை. தண்ணீரும் கிளிசரினும் சூடும் சேர்ந்து அதை இளக்கும், கொஞ்சம் தாண்டினால் புரதத்தில் இருக்கும் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து மெஷினுக்குள்ளேயே இறுகிவிடும். இன்னும் தாண்டினால் கருகும். இளகும் சூட்டுக்கும் இறுகும் சூட்டுக்கும் நடுவே உள்ள இடம் குறுகியது. சோடியம் சல்ஃபைட் என்ற உப்பைக் கொஞ்சம் சேர்த்து அந்தப் பிணைப்பைத் தள்ளிப்போடலாம். எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் திருகைக் கழற்றி உளி வைத்துச் சுரண்ட வேண்டியதுதான். பாலித்தீனில் கரண்ட் வந்ததும் மறுபடி சூடேற்றி ஓட்டிவிடுவோம்.

எல்லாம் சரியாக வந்தது என்றே வைத்துக்கொள்வோம். வரும் பை எப்படிப்பட்டது? காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தடுப்பதில், உலர்ந்த இடத்தில், இந்தப் படலம் பாலித்தீனை விடப் பல மடங்கு கெட்டி. எண்ணெயையும் கசிய விடாது. ஆனால் நீராவி? பாலித்தீனோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேலாக உள்ளே விடும். ஈரம் ஏறினால் படலம் தளர்ந்துவிடும், ஆக்சிஜனைத் தடுக்கும் குணமும் போய்விடும். ஜனவரியில் மாண்டலேயில் காட்டினால் உங்கள் பை கைதட்டல் வாங்கும். ஜூலையில் பயின்னவுங் குடோனில் துணியைக்கூட உலர்த்த முடிவதில்லை, இதையா வைப்பது? மோஹிங்கா என்னும் மீன் குழம்புச் சேமியா பார்சலுக்கும் தேநீர் பார்சலுக்கும் இது ஆகாது. அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

கடலைப் புரதத்துக்கு இது புது அனுபவம் அல்ல. பிரிட்டனில் ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனி கடலைப் புண்ணாக்கின் புரதத்திலிருந்து ஆர்டில் என்ற இழையைச் செய்து கம்பளியோடு கலந்து விற்றது. 1951இல் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் அதற்கென்றே ஆலை கட்டி, 1957இல் மூடிவிட்டார்கள். நனைந்தால் வலு குறையும் இழை அது. அதே காலத்தில் நைலான் போன்ற செயற்கை இழைகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. பணமும் விஞ்ஞானிகளும் இருந்தவர்களுக்கே இந்தக் கதி.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? இல்லை. புரதத்தைப் பையாக்காதீர்கள், காகிதத்தின் மேல் பூச்சாக்குங்கள். கணக்கைப் பாருங்கள். 50 மைக்ரான் தடிமனில் முழுப் படலமாக எடுத்தால் 1 கிலோவில் 15 சதுர மீட்டர்தான் வரும். காகிதத்தில் சதுர மீட்டருக்கு 5 கிராம் பூசினால் அதே 1 கிலோ 200 சதுர மீட்டருக்குப் போதும். வடை, சமோசா, பஜ்ஜி கட்டும் சின்னப் பைக்கு ஆயிரக்கணக்கில் வரும். வலுவைக் காகிதம் தரும், எண்ணெயைத் தடுப்பது மட்டும் புரதத்தின் வேலை. ரோட்டுக் கடையில் பலகாரம் பைக்குள் இருக்கும் நேரம் அரை மணி, அதற்குள் ஈரம் என்ன செய்துவிடும்? பூச்சு உருளையும் உலர்த்தும் அடுப்பும் எக்ஸ்ட்ரூடரை விட எளிய சாமான்கள். காகிதம் அச்சடிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகியவை. கரண்ட் போனால் உளி எடுக்க வேண்டாம், கழுவினால் போதும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் பிரிந்து வந்த ஸாம்ப்லா கம்பெனி தாவரப் புரதத்தில் படலம் செய்வது. அவர்களும் படலத்தோடு நிறுத்தாமல் காகிதப் பெட்டிகளுக்கான பூச்சையும் விற்கிறார்கள்.

உணவு படும் பூச்சுக்குக் கடலை வேண்டாம் என்பேன். கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தது புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சால்தான், அதன் பிறகுதான் அதற்குப் பெயரே வைத்தார்கள். புரதத்தைப் பிரிக்கும்போது இந்த நஞ்சில் பெரும் பங்கு புரதத்தோடேயே வரும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களின் பிரச்சினை வேறு. அதனால் பலகாரப் பைக்குப் பாசிப்பயறுப் புரதம்தான் சரி. கியாசான் சேமியாவுக்காகப் பயறிலிருந்து மாவுச்சத்தை எடுக்கும் இடங்களில் கழிவு நீரோடு போவதே அந்தப் புரதம்தான். அங்கே போய்ப் பேசுங்கள். கடலைப் புரதத்தை நாற்றுப் பைக்கும், வறண்ட மத்தியப் பகுதித் தோட்டங்களில் மண்ணை மூடும் படலத்துக்கும் ஒதுக்குங்கள். மழை குறைந்த மண், அறுவடைக்குப் பின் உழுது விட்டால் மக்கிவிடும். அதற்கு எக்ஸ்ட்ரூடர் வேண்டியிருக்கும்தான். அது இரண்டாம் கட்டம்.

இன்னொரு எச்சரிக்கை. படலத்தை வலுவாக்க ஃபார்மால்டிஹைடு, குளூட்டரால்டிஹைடு போன்ற ரசாயனங்களைச் சேர்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். வலு வரும், நஞ்சும் வரும், மக்குவதும் தாமதமாகும். அப்புறம் சந்தையில் “மக்கும் பை” என்று ஏற்கெனவே விற்கும் சில சரக்கு, பாலித்தீனில் ஏதோ பொடி கலந்து துண்டு துண்டாக உதிர வைப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வகையைத் தடை செய்தது. நம் பெயரில் அப்படி ஒரு சரக்கு வெளியே போகக் கூடாது. ஐராவதி ஆறு நாளொன்றுக்கு 119 டன் பிளாஸ்டிக்கைச் சுமக்கிறது என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. அது கண்ணுக்குத் தெரியும் குப்பை, பொடியாக உதிர்ந்ததை யார் பொறுக்குவது?

மாட்டுத் தீவனத்தைப் பிடுங்குகிறோம் என்று கிராமத்தில் பேச்சு வரும், வரட்டும், பதில் இருக்கிறது. புரதம் எடுத்த சக்கையைக் குறைந்த விலைக்குத் திருப்பிக் கொடுங்கள். முன்போலச் சத்து இராது, அதை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும். புரதம் வடித்த புளித்த நீரைக் கால்வாயில் விடுவதற்கு மட்டும் பதில் இல்லை. அதைச் சாண எரிவாயுக் கலத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். உலர்த்தும் அடுப்புக்குக் கொஞ்சம் எரிபொருளும் கிடைக்கும்.

ஆகவே முதலாளிமார்களே, நான் கேட்பது இதுதான். மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, புரதம் எடுக்கும் சிறு ஆலை ஒன்றை எல்லாருக்கும் பொதுவாகப் போடுங்கள். மில்லுக்கு மில் தனியாக வேண்டாம், எவராலும் தாங்க முடியாது. வேதியியல் படித்துவிட்டு மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போகக் காத்திருக்கும் நம் பிள்ளைகளில் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து அங்கே உட்கார வையுங்கள். மெஷின்காரரிடம் படத்தைக் கேட்காதீர்கள், பத்து மீட்டர் ரோல் கேளுங்கள். அதை ஜூலை மாதம் முழுக்க பயின்னவுங் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே போட்டு வைத்து, ஆகஸ்டில் எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் கிடையாது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ரோல் வந்தால் சொல்லி அனுப்புங்கள், நானும் வந்து இழுத்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
லாயிங் தாயாவில் ரோல் ஊதிய உங்கள் ஊர்க்காரன்
ரங்கூன்