மென்பொருளுக்கும் மீட்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்வர் கணினிகள் குவிந்திருக்கும் தரவு மையங்களின் மின்செலவு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024-இல் உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 சதவீதம் இவற்றுக்குப் போனது என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. அதில் தகராறில்லை. ஆனால் பி.யு.இ. எண் குறைந்தால் சிக்கனம் வந்துவிட்டது என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. கட்டடத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, கணினிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது அந்த எண். ஏ.சி.யும் யு.பி.எஸ்.ஸும் விழுங்குவதை அது காட்டும். சர்வரில் ஓடும் மென்பொருள் உருப்படியாக வேலை பார்க்கிறதா, வெட்டியாகச் சுற்றுகிறதா என்பதைக் காட்டாது. வேடிக்கை என்னவென்றால், மென்பொருளைத் திருத்திச் சர்வரின் செலவைக் குறைத்து, ஏ.சி. செலவு அதே விகிதத்தில் இறங்காமல் போனால், இந்த எண் ஏறிவிடும்!

கடலூரில் ஓர் அலுவலகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். புதிய மனு வந்திருக்கிறதா என்று நொடிக்கு நொடி தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும் நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. ஞாயிறு நள்ளிரவில் எவர் மனுப் போடப்போகிறார்? மனு வந்தால் தரவுத்தளமே தகவல் சொல்லும்படி மாற்றினோம். பிளக்குக்கும் சர்வருக்கும் நடுவில் மாட்டியிருந்த மீட்டரில் வாட் இறங்கியது. மனுப் போடுவோருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

மீட்டர் மாட்ட முடியாத இடத்திலும் ஓரளவு அளக்கலாம். 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து இன்டெல் பிராசசர்களுக்குள்ளேயே ஆர்.ஏ.பி.எல். என்ற ஆற்றல் கணக்கு ஓடுகிறது. லினக்ஸ் இயங்குதளம் அதை மைக்ரோஜூலில், அதாவது ஜூலின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், தரும். நிரல் ஓடுவதற்கு முன்னும் பின்னும் படித்துக் கழித்துக்கொள்ளலாம். 36 லட்சம் ஜூல் சேர்ந்தால் நமக்குத் தெரிந்த ஒரு யூனிட். இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பிராசசரும், சில சர்வர்களில் நினைவகமும்தான் இதில் அடங்கும். மின்விசிறி, வட்டு, பவர் சப்ளையில் வீணாவது எதுவும் வராது. எண் நிரம்பினால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பதால் இடையிடையே படித்தாக வேண்டும். வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரிலோ பெரும்பாலும் அதைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல், சும்மா இருக்கும் சர்வரும் கணிசமாக மின்சாரம் எடுப்பதுதான். ஒரே சர்வரில் பத்து நிரல்கள் குடியிருந்தால் அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? பங்கிடும் முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் நீட்டும் அறிக்கைகளை நான் மதிப்பதில்லை.

நெய்வேலி எங்கள் மாவட்டம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களைப் பார்த்தவர்களுக்கு, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏ.சி.க்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் 2006 முதல் நட்சத்திர முத்திரை தருகிறோம். ஜெர்மனியில் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்குத் தரும் நீல தேவதைச் சான்று 2020-இலேயே மென்பொருளுக்கும் நீண்டது. 2022-இல் ஒகுலர் என்ற ஆவண வாசிப்பு மென்பொருள் அதைப் பெற்றது. தமிழக அரசும் புதுச்சேரி அரசும் இணையச் சேவைகளுக்கு டெண்டர் விடும்போது இவ்வளவாவது கேட்கட்டும்: ஒரு சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை முடிக்க எத்தனை ஜூல் ஆகிறது, எதைக் கொண்டு அளந்தீர்கள், சர்வர் சும்மா இருந்த நேரத்தின் செலவை எப்படிப் பங்கிட்டீர்கள்?

வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.