பழைய ரிவால்வரைப் பளபளப்பாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்துப் பழைய பங்களாப் பொருட்களைப் பற்றிய கட்டுரையோடு வெப்ளி என்ற பிரிட்டிஷ் கம்பனி செய்த பழைய ரிவால்வர் ஒன்றின் படமும் வெளியிட்டிருந்தீர்கள். 'புதிது போல் பராமரிக்கப்படுகிறது' என்று கீழே போட்டிருந்ததைப் பார்த்து மனசு பதறிப்போனது. யாரோ சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து, பித்தளை துலக்கும் பிராசோ பாலிஷும் பூசியிருக்கிறார்கள். இப்படித் தேய்த்தால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சோதித்துக் குத்திய முத்திரை, தொடர் இலக்கம், இரும்பின் கருநீலப் பூச்சு எல்லாமே போய்விடும். பிரேமிலும் (உடற்பகுதி) குழலிலும் தோட்டா போடும் சிலிண்டரிலும் ஒரே இலக்கம் இருக்கிறதா என்பதைத்தானே சேகரிப்பவர்கள் முதலில் பார்க்கிறார்கள்!

நான் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக, அதாவது மெஷின் பொருத்தித் திருத்துபவனாக, வேலை செய்தவன். எங்கள் தோட்டத்து மேலாளரான பெரிய துரையிடம் லைசன்ஸோடு ஒரு வெப்ளி மார்க் 6 இருந்தது. 1915இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்ட, .455 அங்குல அளவுத் தோட்டா போடும் ரகம். துரை சுட்டுப் பழகிவிட்டு வந்தால், அவர் பக்கத்தில் நிற்க, நான் சுத்தம் செய்வேன். ஹேமருக்கு (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) பக்கத்து லீவரைப் பெருவிரலால் அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால் ஆறு வெற்றுத் தோட்டாக்களும் ஒன்றாக எழும்பி வெளியே விழும். அதன் பிறகுதான் வேலையே.

எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பழைய இராணுவ ரவைகளின், அதாவது தோட்டாக்களின், அடியில் தீப்பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது கறியுப்புப் போன்ற ஓர் உப்பாகக் குழலுக்குள் படிந்துவிடும். எண்ணெயில் அது கரையாது. நம்மூர்ப் பனிமூட்டத்தில் ஈரத்தை இழுத்துச் சீக்கிரமே துருவாகிவிடும். ஆகவே முதலில் சுடுதண்ணீர். குழலையும் சிலிண்டரின் ஆறு துளைகளையும் நன்றாகக் கழுவி, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, சூட்டோடு காயவிட்டு, அப்புறம்தான் எண்ணெய். அதுவும் மெல்லிசாக ஒரு பூச்சு. வழியவிட்டால் தூசி சேர்ந்து பிசினாகிவிடும்.

ஏற்கனவே துரு இருந்தால் எண்ணெயில் ஊறவிட்டு, மெல்லிய செப்புக் கம்பி நாரால் பொறுமையாகத் தேயுங்கள். செம்பு இரும்பைவிட மென்மையானது.

தோலுறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவதும் கெடுதல். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட மருந்தும் இரும்பை அரிக்கும். துரை உறையைத் தனியே வைத்து, ரிவால்வரை எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, பூட்டிய அலமாரியில் வைப்பார். ஈரம் ஏறாமலிருக்க உள்ளே சின்ன பல்ப் ஒன்று எரிந்துகொண்டே இருக்கும்.

சுடுவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். சில வெப்ளிகளின் சிலிண்டரைப் பின்பக்கம் சீவி, .45 ஏசிபி என்ற வேறு ரக ரவை போடும்படி மாற்றியிருக்கிறார்கள். வழக்கமான ஏசிபி ரவையின் அழுத்தத்தை அந்தச் சிலிண்டர் தாங்குமென்று நம்ப முடியாது. துவக்குத் திருத்தும் வேலை தெரிந்தவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு ரவைகூடப் போடாதீர்கள். லைசன்ஸையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். தாத்தாவின் துவக்கு வீட்டில் இருக்கிறது என்பதற்காக அவருடைய லைசன்ஸ் பேரனுக்குச் செல்லாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர்,
தலவாக்கலை.