பழைய வைன் பகிரும் மாலைக்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி, ஆவணியில் வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரத் தொடங்கியதும் எங்களிடம் கிளாசும் டிகாண்டரும் (மண்டியை விட்டு வைனை வடித்து ஊற்றும் கண்ணாடிக் குடுவை) வாடகைக்குக் கேட்டு வருவோர் கூடிவிடுவார்கள். நண்பர்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு போத்தல், ஒவ்வொன்றும் பத்து இருபது வருடம் பத்திரப்படுத்தியது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ யாராவது ஒருவரின் வீட்டில் கூடுவார்கள். நாங்கள் வைன் விற்பதில்லை. வைன் வைக்கும் குளிர் அலுமாரிகளை விற்பதும் திருத்துவதும், கிளாஸ், டிகாண்டர், தக்கை எடுக்கும் கருவிகளை விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதுமே எங்கள் தொழில். சாமானைக் கொடுத்தனுப்பும் நேரத்தில் கேட்கும் கேள்விகளுக்குக் கடை வாசலில் நின்று முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வந்துசேரும் போத்தல்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே விதமாகப் பேணப்பட்டிருந்தால்தான் நீங்கள் செய்வது வைன் ஒப்பீடு. இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது வீட்டுக்கு வீடு மாறும் வெக்கையைத்தான்.

வைன் வருடக்கணக்கில் கிடப்பதற்கு 12 முதல் 14 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 60 முதல் 70 சதவீத ஈரப்பதனும் ஏற்றவை. திருகோணமலையில் வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொடும். ஓட்டுக் கூரைக்குக் கீழே, அலுமாரியின் மேல்தட்டில் இன்னும் அதிகம். வெப்பம் ஏறினால் உள்ளே திரவம் விரிந்து தக்கையை வெளியே தள்ளும். இரவில் சுருங்கும்போது தக்கையின் ஓரத்தால் காற்றை உள்ளே இழுக்கும். நாளுக்கு நாள் இது நடந்தால் லண்டனில் நிலவறையில் இருபது வருடம் கிடந்த போத்தலும், அதே வைன், அதே வருடம், இங்கே ஒரே ஒரு கச்சான் காலம் அலுமாரியில் கிடந்த போத்தலும் இரண்டு வேறு பொருள்களாகிவிடும். பின்னதில் பழ வாசம் அவிந்த முந்திரிகைப்பழ வற்றல் போலாகி, நிறம் செங்கல்லையும் தாண்டிப் பழுப்பாகியிருக்கும்.

திறக்காமலே இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். தக்கை வாய் விளிம்புக்கு மேலே துருத்தி நிற்கிறதா பாருங்கள். மேலுறையை விரலால் சுழற்றிப் பாருங்கள். கசிந்த வைன் காய்ந்து ஒட்டியிருந்தால் சுழலாது. (சில உறைகள் இறுக்கமாகவே போடப்படுவதும் உண்டு. அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.) வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வைன் மட்டத்தைப் பாருங்கள். பிரான்சின் போர்தோப் பகுதி வைன்கள் வரும் தோள் உயர்ந்த போத்தலில் இருபது வருடத்துக்குப் பிறகும் மட்டம் கழுத்தின் அடிப்பகுதியில் நிற்க வேண்டும். நாற்பது வருடப் போத்தலில் தோளின் மேல்விளிம்பு வரை இறங்கியிருப்பது வழமை. தோளின் நடுவுக்கு வந்துவிட்டால் அதை மற்றப் போத்தல்களோடு வரிசையில் நிறுத்தாமல் தனியாகத் திறந்து பாருங்கள். ஒவ்வொருவரிடமும் எங்கே வாங்கியது, எங்கே கிடந்தது, எப்போது இலங்கைக்கு வந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசியில் போத்தல்களைப் பற்றி வாக்குவாதம் வரும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

இந்த வெக்கைக்கு அசையாத ஒரு வைன் இருக்கிறது: மடெய்ரா. போர்த்துக்கலின் மடெய்ராத் தீவில் அதைச் செய்யும் முறையே சூடாக்குவதுதான். தொட்டியில் 45 முதல் 50 பாகையில் குறைந்தது மூன்று மாதம் வைப்பார்கள். உயர்ந்த வகைகளை மரப்பீப்பாயில் ஊற்றி, வெயில் படும் மேல்மாடியில் வருடக்கணக்கில் விடுவார்கள். பாய்க்கப்பல் காலத்தில் வெப்ப வலயக் கடல்களைக் கடந்துவந்த பீப்பாய்களில் வைன் மேம்பட்டிருந்ததைக் கண்டே இந்த வழக்கம் வந்தது. குளிர் அலுமாரி இல்லாத நண்பர் ஏதாவது கொண்டுவர ஆசைப்பட்டால் மடெய்ராவையே சொல்லுங்கள். அதைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பதே நல்லது, அதன் புளிப்பு தக்கையை அரிக்கும். திறந்த பிறகும் மாதக்கணக்கில் தாங்கும்.

குளிர் அலுமாரி வாங்க எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. சத்தமில்லாமல் ஓடும், கம்பிரசர் இல்லாத சிறிய வகை, அதாவது மின்தகட்டால் குளிர்விப்பது, அறை வெப்பத்தைவிட ஏறத்தாழ 15 பாகைதான் குறைக்கும். ஏசி இல்லாத 34 பாகை அறையில் அது 19க்குக் கீழே போகவே போகாது, காட்டியில் நீங்கள் 13 என்று வைத்திருந்தாலும் சரி. நம் ஊருக்குக் கம்பிரசர் உள்ளதே பொருந்தும். பின்புறம் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். கடற்காற்று நேரே படும் சன்னலுக்கு அருகே வைக்காதீர்கள். வெப்பம் வெளியேற்றும் தகடுகளில் உப்புப் படிந்து அரிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்மையான தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்தால் ஆயுள் நீளும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த அதே கணத்தில் கம்பிரசர் ஓட முயன்றால், உள்ளே அழுத்தம் சமப்படாத நிலையில் மோட்டர் திணறிச் சூடேறும். ஆகவே மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதித்து மின் கொடுக்கும் காப்பு அவசியம். மின்வெட்டின்போது கதவைத் திறக்காதீர்கள். போத்தல் நிறைந்த அலுமாரி சில மணி நேரத்தில் பெரிதாகச் சூடேறிவிடாது. அலுமாரியின் காட்டி சொல்வது காற்றின் வெப்பநிலையை. வைனின் வெப்பநிலையை அறிய ஒரு வெறும் போத்தலில் தண்ணீர் நிரப்பி அதற்குள் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள்.

சாதாரண பிரிட்ஜ் வருடக்கணக்கில் வைக்க ஏற்றதல்ல, தக்கை உலரும். ஆனால் சந்திப்புக்கு முந்திய இரண்டு மூன்று கிழமைகளுக்கு 32 பாகை அறையைவிட அது எவ்வளவோ மேல்.

கூடும் நாளுக்கு இரண்டு கிழமை முன்பே எல்லாப் போத்தல்களையும் ஒரே அலுமாரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வாகனத்தின் பின்பெட்டியில் ஆறேழு மணி நேரம் குலுங்கி வந்த பழைய வைனில் அடிமண்டி முழுக்கக் கலங்கியிருக்கும். அது அடங்க நாள் எடுக்கும். கொண்டுவரும் வழியில் பெட்டியைப் பயணிகள் பக்கத்தில், ஏசி படும் இடத்தில் வையுங்கள். ஹபரணையில் தேநீருக்கு நிறுத்தினால் வெயிலில் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். கடைசி இரண்டு நாள் போத்தல்களை நிமிர்த்தி வையுங்கள். விண்டேஜ் போர்ட் (ஒரே வருட அறுவடையில் செய்யும் போர்த்துக்கல் இனிப்பு வைன்) போல அடிமண்டி கனத்தவற்றுக்கு ஒரு கிழமை.

எதை எதோடு வைப்பது? ஒரே தோட்டத்தின் வெவ்வேறு வருடங்கள், அல்லது ஒரே வருடத்தின் வெவ்வேறு தோட்டங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் பேச விஷயம் இருக்கும். கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து வைத்தால் ‘இது பிடித்தது, அது பிடிக்கவில்லை’ என்பதற்கு மேல் பேச்சு போகாது. எத்தனை போத்தல் வந்தாலும் வரிசையில் ஆறுக்கு மேல் வேண்டாம், ஏழாவதில் நாக்கு மரத்துவிடும். பெயர் தெரியாமல் சுவைக்க, போத்தல்களைக் காகிதப் பையில் சுற்றி 1 முதல் 6 வரை எண்ணிடுங்கள். இதை நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரித்தானிய வைன் வியாபாரி நடத்திய சுவைப்பில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்த பத்துச் சிவப்பு வைன்களைச் சுவைத்து, கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 வைனுக்கு முதலிடம் தந்தார்கள். வயதேறினால் பிரெஞ்சு வைன்களே வெல்லும் என்று அப்போது சொல்லப்பட்டது. சரியாக முப்பது வருடம் கழித்து 2006இல் அதே வைன்களை மீண்டும் மறைத்துச் சுவைத்தபோது, முதல்முறை ஐந்தாவதாக வந்த இன்னொரு கலிபோர்னிய வைன், ரிட்ஜ் மொன்ரே பெல்லோ 1971, முதலாவதாக வந்தது. முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே போயின. முகச்சீட்டைப் பார்த்துக்கொண்டு சுவைத்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா என்பது ஐயமே.

அளவு: ஒருவருக்கு ஒரு வைனில் 50 மில்லிலீற்றர். 750 மில்லிலீற்றர் போத்தலில் அடிமண்டிக்கு 40 போனாலும் எட்டுப் பேருக்கு முதல் சுற்றுக்கு 400 ஊற்றி, இரண்டாம் சுற்றுக்கு 300 மிஞ்சும். இரண்டாம் சுற்று கட்டாயம் வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறோம். 13 சதவீத வைன் ஆறு, முதல் சுற்றை மட்டும் விழுங்கினாலே உடலுக்குள் போவது 30 கிராம் அளவு அற்ககோல். ஆகவே துப்புவதற்கு ஆளுக்கொரு கோப்பை வையுங்கள், துப்புவதில் வெட்கம் வேண்டாம். வீடு திரும்ப ஓட்டோவை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனித் தக்கை. வாடகைக்கு எடுத்தவர்கள் திரும்பி வந்து முறையிடுவதில் பெரும்பங்கு இதைப் பற்றியதுதான். பழைய தக்கையின் மேற்பகுதி பஞ்சாகியிருக்கும், அடிப்பகுதி கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். சாதாரணத் திருகியைப் பாதி வரை இறக்கி இழுத்தால் நடுவில் முறியும். நல்ல வைன்களின் தக்கை 50 மில்லிமீற்றருக்கு மேலும் இருக்கும் என்பதால் திருகியின் சுருள் முழுவதும் இறங்க வேண்டும். மேலுறையை விளிம்புக்குக் கீழே வெட்டி, தக்கையின் தலையில் உள்ள கறுப்புப் பூஞ்சையை ஈரத்துணியால் துடையுங்கள் (அது ஈரத்தில் வந்தது, கெட்ட அறிகுறி அல்ல). பிறகு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தக்கை அசையவில்லை என்றால் இரட்டைத் தகட்டுக் கருவியே சிறந்தது: நீளமான தகட்டை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே நுழைத்து, மற்றதை எதிர்ப்பக்கம் செருகி, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி இறக்குங்கள். முழுதும் இறங்கியதும் இழுக்காதீர்கள், திருகிக்கொண்டே தூக்குங்கள். தக்கை அசைகிறது என்றால் தகடுகள் அதை உள்ளே தள்ளிவிடும். அப்போது சுருளும் தகடும் சேர்ந்த கருவி வேண்டும். முதலில் சுருளைத் தக்கையின் நடுவில் முழுதும் இறக்கி, அது பிடித்துக்கொண்டிருக்கும்போதே தகடுகளை இருபுறமும் செருகி, இரண்டையும் ஒன்றாகத் திருப்பித் தூக்குங்கள். முறிந்தால் மிச்சத்தில் சுருளைச் சாய்வாகச் செலுத்தி, கண்ணாடிச் சுவரோடு அழுத்தியபடி எடுங்கள். உள்ளே விழுந்துவிட்டாலும் பதற்றம் வேண்டாம், மெல்லிய துருவேறா எஃகு வலையில் வடித்துவிடலாம். கோப்பி வடிக்கும் காகிதத்தைத் தவிருங்கள், காகித வாசம் வைனில் ஏறும்.

டிகாண்டரில் வடிக்கும்போது போத்தலின் கழுத்தும் தோளும் சேரும் இடத்துக்குக் கீழே தொலைபேசியின் வெளிச்சத்தை வைத்து, இடையில் நிறுத்தாமல் ஒரே சாய்வில் ஊற்றுங்கள். நிறுத்தி நிமிர்த்தினால் மண்டி எழும். தோளில் கரிய இழை ஒன்று ஊர்ந்து வருவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த மண்டி, வருடக்கணக்கில் நிறப்பொருளும் துவர்ப்பும் பிணைந்து படிந்தது. கேடில்லை, ஆனால் கசக்கும், மணல் போல நெருடும். வெள்ளைப் பளிங்குத் துணிக்கைகள் கண்ணாடித் துண்டுகள் அல்ல. வைனின் புளிப்பிலிருந்து உறைந்த உப்பு.

எவ்வளவு நேரம் முன்பு வடிப்பது என்பதில்தான் நல்ல போத்தல்கள் வீணாகின்றன. முப்பது வருடம் தாண்டிய சிவப்பு வைனை முன்கூட்டி வடிக்காதீர்கள். வடித்து அரை மணிக்குள் ஊற்றிவிடுங்கள், அதன் வாசம் காற்றில் விரைவாகக் கரையும். பதினைந்து இருபது வருடப் போர்தோவுக்கு ஒரு மணி நேரம் போதும். இத்தாலியின் பரோலோச் சிவப்பு வைனுக்கு இரண்டு மூன்று மணி. ஒப்பிடுவதற்கு வைத்தவை ஒரே வகை என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறப்பதே நியாயம். பரிமாறும் வெப்பநிலை சிவப்புக்கு 16 முதல் 18 பாகை. ‘அறை வெப்பநிலை’ என்று நூல்களில் எழுதியிருப்பது நம் அறையை அல்ல. 13 பாகையிலிருந்து எடுத்த போத்தல் 30 பாகை அறையில் அரை மணியளவில் 18ஐத் தொட்டுவிடும். கிளாசில் ஊற்றிய 50 மில்லிலீற்றர் அதைவிட வெகு வேகமாகச் சூடேறும். ஏசியை 24இல் வைத்து, டிகாண்டரைக் குளிர்நீர்த் தட்டில் நிறுத்துங்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அது தக்கைக் கறை. எவ்வளவு காத்திருந்தாலும் போகாது, அந்தப் போத்தலை ஒதுக்கிவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியின் நெடி, வினாகிரி நெடி மிகுந்தால் அதுவும் திரும்பாது. ஆனால் தீக்குச்சி, அவித்த முட்டை வாசமோ, பூட்டிய அறையின் மக்கல் வாசமோ பல தடவை இருபது நிமிடத்தில் விலகிவிடும். இதற்காகத்தான் இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் பேசாமல் ஆளாளுக்கு எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து மீண்டும் சுவைத்து, மாறியதைக் குறியுங்கள். அதன் பிறகு பேசுங்கள். கடைசியில் பையை அவிழுங்கள். சபையில் மூத்தவர் முதலில் வாய்திறந்தால் மற்றவர்களின் நாக்கும் அவர் சொன்னதையே சுவைக்கும்.

அன்று சாம்பிராணி, மல்லிகைச் சரம், சென்ற் வேண்டாம். பக்கத்துக் குசினியில் கருவாடு பொரிக்க வேண்டாம். மேசையில் வெறும் பாணும் தண்ணீரும் போதும். நண்டுக்கறியைச் சுவைப்பு முடிந்ததும் பரிமாறுங்கள். போயா நாளைத் தவிர்த்துத் திகதி வையுங்கள், விருந்தினர் விடுதிகளிலும் அன்று மது பரிமாற மாட்டார்கள்.

எட்டுப் பேருக்கு ஆறு வைன் என்றால் 48 கிளாஸ். ஐஎஸ்ஓ 3591 என்ற சர்வதேசத் தர அளவுள்ள, 215 மில்லிலீற்றர் கொள்ளும் சுவைப்புக் கிளாஸ்களையே தருகிறோம். எல்லாம் ஒரே வடிவமாக இருப்பது ஒப்பீட்டுக்கு முக்கியம், வீட்டுக் கிளாஸ்களோடு கலக்காதீர்கள். ஊற்றுமுன் ஒவ்வொன்றையும் மோந்து பாருங்கள். பெட்டி வாசம் இருந்தால் வெந்நீரில் அலசி, கவிழ்க்காமல் நிமிர்த்தி உலர்த்துங்கள். திருப்பித் தரும்போது சவர்க்காரம் போட வேண்டாம், வெறும் தண்ணீரில் அலசித் தந்தால் போதும். டிகாண்டரின் அடிக்கறையை நாங்களே எடுத்துக்கொள்வோம். கூடும் திகதியை மூன்று கிழமை முன்பே சொன்னால் போத்தல்களை நிமிர்த்தி வைக்கும் தட்டையும், தக்கை எடுக்கும் இருவகைக் கருவிகளையும் சேர்த்து எடுத்துவைப்போம். கருவியைக் கையாளத் தெரியாதவர்கள் கடைக்கு வந்து பழைய தக்கை அடித்த வெறும் போத்தலில் பழகிப் பார்த்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
கடையார்
திருகோணமலை