மதகுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர், மாயாஜாலக் கதைகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, அவை உண்மையையும் உழைப்பையும் மறக்கடித்துவிடும், விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறு போதும் என்று எழுதியிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் 32 வருஷம் நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அது ஒப்பவில்லை. இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து வந்த என் பேத்தி (மகள் வயிற்றுப் பேத்தி, பத்து வயது) ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்திருந்தாள். சி. எஸ். லூயிஸ் எழுதி 1950-ல் வெளிவந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிய ஏழு நாவல்களில் முதலில் அச்சானது. அவள் வாசிப்பதைக் கேட்க எதிர்வீட்டுப் பையன் வந்து உட்கார்ந்தான். கொத்தனார் மகன், அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவன், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அதனால் அவள் ஒரு பத்தி வாசிப்பாள், நான் தமிழில் சொல்வேன். இப்படித் தினமும் விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம்.

கதையில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று நாலு பிள்ளைகள். கடைக்குட்டி லூசி, அவர்கள் தங்க வந்த பழைய வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது ஓர் அலமாரிக்குள் நுழைகிறாள். தொங்குகிற ரோமக் கோட்டுகளை விலக்கி விலக்கிப் போனால் பின்பலகை வரவேயில்லை. காலுக்கடியில் பனி நொறுங்குகிறது, எதிரே காடு, காட்டுக்கு நடுவில் ஒரு விளக்குக் கம்பம். இந்த இடத்தில் பையன் என்னை நிறுத்தினான். "ஆயா, எங்க வீட்டு பீரோவுல நாலு தட்டு இருக்கு. அதுக்குள்ள எப்படிப் பூந்து போறது?"

நியாயமான கேள்விதானே. அந்த ஊரில் அலமாரி என்றால் ஆள் உயரத்துக்கு மரத்தில் செய்தது, தட்டு கிடையாது, குறுக்கே ஒரு கம்பியும் கோட்டுகளும்தான் என்று விளக்கினேன். பனியையும் விளக்கவேண்டி வந்தது. நம் பிள்ளைகளுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோல் போரில் ஈரமாகப் படிந்திருப்பது. ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டி ஓரமாக வெள்ளையாக உறையுமே, அதுதான் ஊர் முழுக்க என்று காட்டினேன். இடுப்புக்கு மேல் மனுஷன், கீழே ஆட்டுக்கால் என்று ஒரு பாத்திரம் வந்தபோது மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. "சாமி புறப்பாட்டுல தாடி வச்ச சிங்கம் வருமே, அது மாதிரி" என்றான். மனித முகமும் சிங்க உடம்புமான புருஷாமிருக வாகனத்தைத்தான் சொல்கிறான். சூனியக்காரியின் சாபத்தால் அந்த நாட்டில் நூறு வருஷமாகக் குளிர்காலம், பண்டிகையே வருவதில்லை என்றதும், "அப்போ மார்கழி முடியவே முடியாதா? பொங்கலே கெடையாதா?" என்று கேட்டுவிட்டு முகம் வாடிப்போனான்.

கடிதம் எழுதிய வாசகர் உண்மையைப் பற்றிக் கவலைப்பட்டார் அல்லவா, அதற்கு வருகிறேன். அந்த நாலு பேரில் எட்மண்ட் என்ற பையன், சூனியக்காரி கொடுத்த மிட்டாய்க்கு ஆசைப்பட்டு, கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கிறான். அந்த மிட்டாயை நான் அல்வா என்று சொல்லிவைத்தேன். அன்றைக்குப் பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். மறுநாள் வந்ததும் முதல் வார்த்தை, "அவனும் சின்னப் பையன்தானே ஆயா, மன்னிச்சுட்டாங்களா?" அதற்கப்புறம் தினமும் அதே கேள்விதான். இரண்டு பக்க நீதிக்கதையில் பொய் சொன்ன பையனை உடனே புலி அடித்துவிடும், கீழே 'நீதி' என்று தடித்த எழுத்தில் போட்டு முடித்துவிடுவார்கள். அதை எத்தனை வகுப்பில் நடத்தியிருப்பேன்! தப்புச் செய்தவனுக்காக ஒரு பிள்ளை ஒரு வாரம் மனசு அடித்துக்கொண்டு காத்திருந்ததை அந்த 32 வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

இந்தக் கதை உண்மையிலிருந்து தப்பி ஓடவும் இல்லை. அந்த நாலு பிள்ளைகளும் பழைய வீட்டுக்கு வந்ததே லண்டனில் விமானக் குண்டு விழும் என்பதால்தான். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 செப்டம்பரில், சில நாட்களுக்குள் ஏறக்குறைய 15 லட்சம் பேரை பிரிட்டனின் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி, அப்பா அம்மா இல்லாமல் ரயில். அப்படி வந்த சில பிள்ளைகளை ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் லூயிஸ் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். அவருடைய அம்மா 1908-ல் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. 1955-ல் வெளிவந்த அவருடைய நார்னியா நாவல் ஒன்றில், நோயில் கிடக்கும் அம்மாவுக்காக ஒரு சிறுவன் அந்த உலகத்திலிருந்து ஓர் ஆப்பிள் கொண்டுவருகிறான். இதைப் படித்துவிட்டு மாயாஜாலம் வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இது வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நான் சீர்காழிக்காரி, பூம்புகார் எனக்குப் பக்கம். அங்கே உவவனத்தில் பூப்பறிக்கப் போன மணிமேகலையை ராத்திரியோடு ராத்திரியாக மணிமேகலா தெய்வம் தூக்கிக்கொண்டு, அந்தக் காலத்துத் தூரக் கணக்கில் 30 யோசனை தெற்கே, மணிபல்லவத் தீவில் கொண்டுபோய் விடுகிறது. விழித்துப் பார்த்தால் மணல், கடல், முன்பின் தெரியாத மரங்கள். தோழி எங்கோ ஒளிந்துகொண்டு விளையாடுகிறாள் என்று நினைத்து, சுதமதி, சுதமதி என்று கூப்பிடுகிறாள். இது கனவா நனவா என்று தெரியாமல் அழுகிறாள். பிறகு கோமுகிப் பொய்கையில், வைகாசி விசாக நாளில் மேலே எழுகிற அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அந்தப் பாத்திரத்தோடு ஊர் திரும்பி, எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்ற பசிநோய் பிடித்த காயசண்டிகைக்குச் சோறு போடுகிறாள். வேறோர் உலகத்துக்குப் போய்வந்த பெண் பிள்ளையின் கதை இதைவிடவா வேண்டும்? உ.வே.சாமிநாதையர் அதை அச்சில் கொண்டுவந்தது 1898-ல். லூயிஸ் பிறந்ததும் அதே வருஷம்தான். பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு மணிமேகலை ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார், இரண்டு மதிப்பெண். அதோடு சரி. நானும் அப்படித்தான் நடத்தினேன். அந்த வருத்தம் இப்போதும் இருக்கிறது.

பையனுக்காகத் தமிழில் இதுபோல ஒரு நீளமான நாவல் தேடினேன். நூலகத்தில் போய்க் கேட்டதும் எடுத்துக் கொடுத்தது தெனாலிராமன், பீர்பால், முல்லா. புத்தகக் கடையில் ஒரு பக்கம் குழந்தைகளுக்கான படப்புத்தகம், மறுபக்கம் பெரியவர்களின் சரித்திர நாவல். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்குமான அலமாரியே இல்லை. எழுத ஆளில்லாமல் இல்லை. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை'க்கு 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் என்ற சிறுவர் இலக்கிய விருது கிடைத்தது. அதைச் சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓடு கீழடியில் நிஜமாகவே கிடைத்தது என்று சொன்னதும், கொல்லையில் உடைந்து கிடந்த சட்டி ஓட்டில் ஆணியால் தன் பெயரைக் கீறி எருக்குழிப் பக்கம் புதைத்துவைத்திருக்கிறான். இந்த மாதிரிப் புத்தகங்கள் எங்கள் ஊர் மாதிரி ஊர்களுக்கு வந்து சேர்வதில்லை, அதுதான் குறை. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா என் சின்ன வயசில் இங்கே பெட்டிக்கடையிலேயே தொங்கும்.

நாவல் முடிந்த அன்று பிள்ளைகளிடம், நம் வீட்டில் அப்படி ஒரு வழி இருந்தால் எது என்று கேட்டேன். பேத்தி பரணைச் சொன்னாள், அப்புறம் கிணற்றைச் சொன்னாள். பையன் வெகுநேரம் யோசித்துவிட்டு, வாய்க்கால் மதகு என்றான். மே மாசம் வாய்க்கால் வறண்டு கிடக்கும், மதகுக் குழாய்க்குள் தவழ்ந்து போகலாம். அந்தப் பக்கம் வேறு ஊர், வேறு ஆட்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிடுவார்கள். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் திரும்பிவிட வேண்டும். "இல்லைன்னா அடுத்த வருஷம் வரைக்கும் அங்கேயேதான் ஆயா." சொல்லும்போது அவன் கை இரண்டும் தரையில் ஊன்றி, தவழ்கிற மாதிரியே இருந்தது.

ஆசிரியர் ஐயா, உங்கள் பத்திரிகையில் வாராவாரம் சிறுவர் பகுதி வருகிறது. ஆறு வித்தியாசம், வண்ணம் தீட்டு, ஒரு குறுங்கதை. அவற்றை எடுக்கச் சொல்லவில்லை. அரைப் பக்கம் கூட்டி, நம் எழுத்தாளர் ஒருவரைக் கொண்டு ஒரு தொடர்கதை போடுங்கள். லூயிஸின் அந்த நாவல் மொத்தமே 17 அத்தியாயம், வாரம் ஒன்று என்றால் நாலு மாசத்தில் முடிந்துவிடும். அந்த அளவு போதும். வழி நம் ஊரில் இருக்கட்டும், குதிரோ மதகோ கோயில் பிராகாரமோ. தொடரும் என்று போட்டு நிறுத்துங்கள், பிள்ளைகள் காத்திருப்பார்கள். கடைசியில் நீதி மட்டும் வேண்டாம்.

பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். பையன் தன் கூட்டாளிகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வருகிறான். அடுத்த நாவலை ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக நோட்டில் தமிழாக்கி வாசித்துக் காட்டுகிறேன். கண் புரை ஆபரேஷன் ஆன கண், வேகமாக எழுத முடியவில்லை. தொடர் எந்த வாரம் தொடங்கும் என்று தெரிவித்தால், ஏஜென்ட்டிடம் இரண்டு பிரதி கூடுதலாகப் போடச் சொல்லிவைப்பேன்.

தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சீர்காழி