ஐப்பசியில் வந்து பாருங்கள்

மதுரை வட்டாரத்தில் மனைப்பிரிவுக் கோப்புகளில் கையெழுத்திடும் நகர் ஊரமைப்பு, வருவாய், வேளாண்மை, நீர்வளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்களிடம் வரும் கோப்பில் சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும், பட்டா நகல் இருக்கும். அந்த வயல் எந்தக் கண்மாயின் (எங்கள் பக்கத்துப் பாசன ஏரி) எந்த மடையில், அதாவது தண்ணீர் திறந்துவிடும் எந்த வாயில், பாய்கிறது, அதைத் தாண்டி யார் யார் வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பது இருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் அலங்காநல்லூர் பக்கத்து ஆயக்கட்டுக்காரன், அதாவது பாசனத் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில் வயல் வைத்திருப்பவன். வைகை ஆற்றின் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு பாசனத்தில் இருபோக நிலம் 45,041 ஏக்கர் என்று அரசாணைகளில் வருடா வருடம் அச்சாகிறது. அந்தக் கணக்கில் எத்தனை ஏக்கரில் இன்று மனைக்கல் ஊன்றிக் கொடி கட்டியிருக்கிறார்கள் என்று ஒருமுறை வாய்க்கால் ஓரமாக நடந்தாலே தெரிந்துவிடும்.

ஒரு மடை எப்படிச் சாகிறது என்று சொல்கிறேன். மடைக்குக் கீழே முப்பது பேர் வயல் இருக்கிறது என்று வையுங்கள். தலைமாட்டில் இருக்கும் இரண்டு பேர் விற்கிறார்கள். வாங்கியவர் கிராவல் அடித்து மூன்றடி உயர்த்துகிறார். வயலுக்கு வயல் தண்ணீர் போன கொப்பு வாய்க்கால் மண்ணுக்குள் போய்விடுகிறது. அது பல இடங்களில் புலப்படத்தில் (சர்வே வரைபடம்) கூடக் கிடையாது, வழக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். புலப்படத்தில் உள்ள பெரிய வாய்க்காலுக்கு ஒரு சிமெண்ட் குழாய் போட்டு மேலே சாலை போடுவார்கள். குழாயில் குப்பை அடைத்துக்கொள்ளும். அடுத்த போகத்தில் நடுவில் இருக்கும் பத்து வயலுக்குத் தண்ணீர் ஏறாது. போர் போட வசதியுள்ளவர் போடுவார், மற்றவர் வயலைச் சும்மா போட்டுவிடுவார். மூன்று வருடம் போனால் கருவேலம் முளைக்கும்.

அப்புறம் அந்த நடு வயல்காரரும் விற்க வருகிறார். நஞ்சையை மனையாக்க வேளாண்மைத் துறையின் கருத்தும் ஆட்சியரின் இசைவும் வேண்டும் அல்லவா? உங்கள் ஆள் வந்து பார்க்கிறார். சாகுபடி இல்லை, தரிசு என்று எழுதுகிறார். அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் தரிசை உண்டாக்கியதே நீங்கள் முன்பு கொடுத்த ஒப்புதல். முந்திய கோப்பு பிந்திய கோப்புக்குச் சாட்சி சொல்கிறது, இதை யாரும் கேட்பதில்லை.

இதன் அடுத்த கட்டம் கண்மாய்க்கே வருகிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பொறுப்பைப் பிரித்திருக்கிறோம். ஆயக்கட்டே இல்லாமல் போனால்? பாசனம் இல்லாத கண்மாய், பொதுக் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது குறிப்பு எழுதுவார்கள். மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில். மாநகராட்சியின் அண்ணா மாளிகை நிற்பது தல்லாகுளம் கண்மாய்ப் பகுதியில். கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் சட்டம் வந்தது நல்லதுதான். அது கரைக்கு உள்ளே இருப்பதைத்தான் பார்க்கிறது. கரைக்கு வெளியே ஆயக்கட்டு கரைவதை எந்தச் சட்டப்படி ஆக்கிரமிப்பு என்று சொல்வது? எல்லாம் முறைப்படி ஒப்புதல் பெற்றது.

பாசனம் போனால் போகட்டும், நகரத்துக்கு என்ன நஷ்டம் என்பவர்கள் 2024 அக்டோபர் 25-ஐ நினைத்துப் பார்க்கலாம். அன்றைய ஒரே மழையில் செல்லூர் கண்மாய்த் தண்ணீரும் பந்தல்குடி வாய்க்கால் தண்ணீரும் தெருக்களுக்குள் புகுந்தன. மேல் கண்மாய் நிறைந்து, மிகுந்த தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போவது இந்த ஊரின் பழைய ஏற்பாடு. நடுவில் இருந்த வயல்கள் இரண்டு நாள் தண்ணீரைத் தாங்கும். வீட்டு வரவேற்பறை தாங்காது.

வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக, சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆக விரிந்தது. மக்கள் எங்காவது குடியிருக்கத்தானே வேண்டும். 2023-இல் நத்தம் சாலைப் பறக்கும் பாலம் திறந்தபின் அந்தப் பக்கம் மனை கேட்பவர்களைக் குறை சொல்ல முடியுமா? நிலம் விற்கிற சம்சாரியையும் திட்ட மாட்டேன். கூலி கட்டுப்படியாகவில்லை, பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள், சென்ட் கணக்கில் கிடைக்கும் காசு நெல்லில் ஆயுளுக்கும் கிடைக்காது. மானாவாரிப் புஞ்சையும் கல்லாங்காடும் இந்த மாவட்டத்தில் நிறையவே இருக்கும்போது, மடைக்கு நேர் கீழே உள்ள நஞ்சையில் போய் ஏன் முதல் கல் விழ வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பூங்காவுக்கென்று 10 சதவீதம் விடச் சொல்லும் விதியைக் காட்டி ஆறுதல் சொல்லாதீர்கள். பெரிய மனைப்பிரிவுக்குத்தான் அது. விட்டாலும், விற்காத மூலைதான் பூங்காவாகும்.

சரி, என்ன செய்யலாம்? சர்வே எண் வாரியாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால், மடை, கலுங்கு, மொத்த ஆயக்கட்டு எல்லாம் உள்ள ஒரே வரைபடத்தைக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். அந்த மடையில் ஏற்கெனவே எவ்வளவு மனையாகிவிட்டது என்று அதில் நிறம் பூசியிருக்க வேண்டும். தரிசு என்று எழுதும்முன் எதனால் தரிசு என்று ஒரு வரி எழுதட்டும். கள ஆய்வைச் சித்திரை வைகாசியில் செய்யாதீர்கள், அப்போது எல்லா வயலும் மனை மாதிரிதான் தெரியும். ஐப்பசி கார்த்திகையில், வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது வாருங்கள். கூடவே வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்ப்பாய்ச்சியையும் கூப்பிடுங்கள், எந்தக் கொப்பு எங்கே போகிறது என்று அவர் காலாலேயே காட்டுவார். வாய்க்காலின் முழு அகலத்துக்குக் கல் நட்ட பிறகே முதல் பத்திரம் பதிவாகட்டும்.

இன்னொன்று. விண்ணப்பம் வந்த உடனே, சர்வே எண்ணோடு மடையின் பெயரையும் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். கீழ் வயல்காரர்கள் ஆட்சேபம் சொல்ல ஒரு மாதமாவது கொடுங்கள். இப்போது எங்களுக்கு விஷயம் தெரிவதே கிராவல் லாரி வரும் அன்றைக்குத்தான்.

இப்படிக்கு,
கடைமடை வயல்காரன் ஒருவன்